எங்கே இருக்கிறீர்கள்?

கொழும்பிலிருந்து பிரதான வீதியால் கண்டிக்கு வருபவர்கள் கடுகண்ணாவைக் கணவாயை ஏறித்தான் வர வேண்டும். ஏறி முடிந்ததும் டோசன் கோபுரம் தெரியும். இந்த வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் அது. குடைந்த பாறையையும், 2014இல் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலையையும் பார்ப்பதற்கென்றே தூர இடங்களிலிருந்து மக்கள் வருகிறார்கள். நமக்கோ இது தினமும் பாடசாலைக்குப் போய் வரும் வழி.

அந்த வழியில்தான் 2025 நவம்பர் 22ஆம் திகதி, பஹல கடுகண்ணாவையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து, வீதியோரத்தில் இருந்த ஒரு கடையையும் வீட்டையும் மூடின. ஆறு பேர் உயிரிழந்தனர். கொழும்பு - கண்டி வீதி மூடப்பட்டது. அடுத்த சில நாட்களில் ‘டித்வா’ புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் பலியானார்கள். உயிரிழப்பு மிக அதிகமாக இருந்தது நமது கண்டி மாவட்டத்தில்.

அந்த நாட்களில் எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி, “யாருக்கு அறிவிப்பது?” என்பதுதான். பொலிஸுக்கா, தீயணைப்புப் படைக்கா, அம்புலன்ஸுக்கா? எந்த இலக்கம்? எங்கிருந்து வருவார்கள்? ஆபத்து வந்த பிறகு இவற்றைத் தேடிப் படிக்க முடியாது. ஆகவே ஆறுதலாக இருக்கும் நேரத்தில் அறிந்து வைத்துக்கொள்வோம்.

ஓர் ஊர், இரண்டு மாகாணங்கள்

கடுகண்ணாவை நகரம் மத்திய மாகாணத்தில், கண்டி மாவட்டத்தின் யட்டிநுவர பிரதேச செயலகப் பிரிவில் உள்ளது. ஆனால் கணவாயால் கீழே இறங்கிப் பஹல கடுகண்ணாவைக்குப் போனால், நாம் சப்ரகமுவ மாகாணத்தில், கேகாலை மாவட்டத்தின் மாவனல்லைப் பிரிவில் நிற்கிறோம். பெயர் ஏறத்தாழ ஒன்றே. மாவட்டம் வேறு, மாகாணம் வேறு, பொறுப்பான அதிகாரிகளும் வேறு.

சாதாரண நாளில் இது யாருக்கும் தொந்தரவில்லை. உறவினர் வீட்டுக்குப் போகும்போது மாகாண எல்லையைத் தாண்டுகிறோம் என்று எவரும் நினைப்பதில்லை. ஆனால் அவசர நேரத்தில் “கடுகண்ணாவையில் விபத்து” என்று மட்டும் சொன்னால், உதவி மேலே வர வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்பது விளங்காது. வளைவுகள் நிறைந்த மலைவீதியில் ஒரு வாகனம் தவறான இடத்துக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் ஓர் உயிர் போய்விடலாம்.

யார், யாரின் கீழ்?

நமது நாட்டில் அவசர சேவைகள் ஒரே கூரையின் கீழ் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு தேவைக்காகத் தோன்றியவை.

மிகப் பழையது பொலிஸ். 1866 செப்டெம்பர் 3ஆம் திகதியையே இலங்கைப் பொலிஸ் தனது பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. அது மத்திய அரசின் கீழ், நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பாக இயங்குகிறது. அவசர இலக்கம் 119.

தீயணைப்புச் சேவை அப்படியல்ல. அது பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. கண்டியில் தீயணைப்புப் பிரிவை நடத்துவது கண்டி மாநகர சபை. பெரிய நகரங்களில் தீயணைப்பு வண்டி அருகிலேயே நிற்கிறது. சிறிய ஊர்களுக்கோ அது பக்கத்து நகரத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது. அழைப்பதற்கான இலக்கம் 110.

அம்புலன்ஸ் சேவைதான் மிக இளையது. 1990 ‘சுவசெரிய’ இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. 2018ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அதற்கென ஒரு மன்றம் அமைக்கப்பட்டு, சேவை ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. அதற்கு முன்பு மாரடைப்பு வந்தவரையும் விபத்தில் சிக்கியவரையும் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடிய கதைகளை நமது வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இன்று 1990ஐ அழைத்தால், பயிற்சி பெற்ற உதவியாளரோடு வண்டி வருகிறது. வழியிலேயே முதற்சிகிச்சை தொடங்குகிறது. ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை.

வெள்ளம், மண்சரிவு போன்றவற்றுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நிறைவேற்றப்பட்ட 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாக உருவானது. இலக்கம் 117.

தொலைபேசியின் மறுமுனையில்

119ஐ அழைத்தால் நமது ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் மணி அடிக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. 119, 1990 இரண்டும் நாடு முழுவதற்குமான அழைப்பு நிலையங்களுக்கே போகின்றன. அங்கிருந்துதான் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ வண்டிக்கோ தகவல் அனுப்பப்படுகிறது. தொலைபேசியை எடுப்பவர் நமது ஊரை ஒருமுறைகூடப் பார்த்திராதவராக இருக்கலாம். “பள்ளிக்குப் பக்கத்தில்”, “ஹாஜியார் கடைக்கு மேலே” என்று நாம் சொல்லும் அடையாளங்கள் அவருக்கு எதுவுமே உணர்த்தமாட்டா.

அதனால்தான் அவர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் “எங்கே இருக்கிறீர்கள்?” என்பதாக இருக்கும். அழுகையும் பதற்றமுமாக நடந்ததை முழுவதும் சொல்லிவிட்டு இடத்தைச் சொல்லாமல் வைத்துவிட்டால், அந்த அழைப்பால் பயனில்லை. இடத்தைத் தெளிவாகச் சொன்ன பின் தொடர்பு துண்டிக்கப்பட்டாலும் உதவி புறப்பட வழியுண்டு. ஆகவே பெரிய இடத்திலிருந்து சிறிய இடத்துக்கு வரிசையாகச் சொல்லிப் பழக வேண்டும்:

முதலில் மாவட்டம். பிறகு ஊர். பிறகு வீதியின் பெயர். அதன்பின் வெளியூரார் எவரும் கண்டுகொள்ளக்கூடிய ஓர் அடையாளம்: புகையிரத நிலையம், பாடசாலை, வைத்தியசாலை, பாலம். பிரதான வீதியில் விபத்து என்றால் ஓரத்திலுள்ள கிலோமீட்டர் கல்லின் இலக்கம் எல்லாவற்றிலும் சிறந்தது. அது இரண்டு இடங்களுக்குப் பொருந்தாது.

இடத்தைச் சொன்ன பிறகு, என்ன நடந்தது, எத்தனை பேர், மூச்சும் நினைவும் இருக்கின்றனவா என்பதைச் சொல்லலாம். திரும்ப அழைக்கக்கூடிய இலக்கத்தைக் கொடுக்க வேண்டும். மறுமுனையில் இருப்பவர் “சரி, வையுங்கள்” என்று சொல்லும்வரை நாம் துண்டிக்கக் கூடாது. வீட்டில் இன்னொருவர் பிரதான வீதிக்குப் போய் நின்று வண்டிக்கு வழிகாட்ட வேண்டும். இரவென்றால் கையில் டோர்ச் இருக்கட்டும்.

தமிழில் பேசுவது நமது உரிமை. தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. ஆனாலும் நமது வீட்டு முகவரியையும், “அவசரம், உடனே வாருங்கள்” என்ற ஒரு வசனத்தையும் சிங்களத்திலும் சொல்லத் தெரிந்து வைத்திருப்பது புத்திசாலித்தனம். அவசர நேரத்தில் நமக்குத் தேவை வேகம்.

வண்டி வரும்வரை

கண்டியிலிருந்து ஒரு தீயணைப்பு வண்டி பேராதனை, பிலிமத்தலாவை நெரிசலைத் தாண்டித்தான் நம்மிடம் வர வேண்டும். அதுவரை கழியும் நிமிடங்கள் நம் கையில்தான் இருக்கின்றன.

2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் சமையல் எரிவாயுக் கசிவுகளும் வெடிப்புகளும் நிகழ்ந்ததை மறந்திருக்கமாட்டோம். அதை ஆராய்ந்த குழு, சிலிண்டர்களில் நிரப்பிய வாயுவின் கலவை விகிதம் மாற்றப்பட்டதைக் காரணமாகக் காட்டியது. காஸ் மணம் வந்தால் மின்குமிழைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஆளியிலிருந்து எழும் சிறு தீப்பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறிய பின்னரே தொலைபேசியைக் கையில் எடுக்க வேண்டும்.

எண்ணெய்த் தாச்சியில் தீப்பிடித்தால் பலரும் முதலில் செய்வது தண்ணீர் ஊற்றுவது. அது மிகப் பெரிய தவறு. தண்ணீர் கொதிக்கும் எண்ணெயின் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபக்கமும் வீசிவிடும். அடுப்பை அணைத்து, தாச்சியை அசைக்காமல், ஒரு மூடியால் மூடினால் காற்றில்லாமல் தீ தானாக அடங்கும்.

நாம் அணியும் மெல்லிய நைலோன் முக்காடுகளும் தொங்கும் சட்டைக் கைகளும் அடுப்படிக்கு ஏற்றவையல்ல. செயற்கை நூல் எரியும்போது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சமைக்கும்போது பருத்தி உடையை அணிந்து, முக்காட்டின் நுனியைச் செருகிக்கொள்வது நல்லது. உடையில் தீப்பிடித்தால் ஓடவே கூடாது. ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். நின்று, முகத்தைக் கைகளால் மூடி, நிலத்தில் படுத்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் பற்பசையோ முட்டையோ பூசாமல், 20 நிமிடங்கள் குழாய்த் தண்ணீரை ஓடவிட வேண்டும். நமது உம்மாமார் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம். அன்போடு சொல்லிக் கொடுப்போம்.

மலை தரும் அறிகுறி

மண்சரிவு திடீரென்று வருவதாகத் தோன்றினாலும் பல வேளைகளில் முன்னறிவிப்பு உண்டு. சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்புகள் தோன்றும். மரங்களும் மின்கம்பங்களும் சாயும். ஊற்று புதிதாகப் பிறக்கும், அல்லது ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென்று நிற்கும், தெளிந்த நீர் கலங்கும்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவைப் பார்த்து மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், ஆபத்தான சரிவிலிருந்து வெளியேறிவிட வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று செய்திகளில் வருவது இந்தப் படிகளைத்தான்.

இதை வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரத்தை மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, மறுநாள் அதே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்தால் போதும். ஏழரை சென்ரிமீட்டர் தண்ணீர் என்றால் அதுதான் 75 மில்லிமீட்டர். மலையடிவாரத்தில் வீடுள்ள மாணவி ஒருத்தி மழைக்காலத்தில் இதைச் செய்தால், அவளது குடும்பம் மட்டுமல்ல, அயலவரும் நேரத்தோடு விழித்துக்கொள்வார்கள்.

‘டித்வா’ நாட்களில் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோயின. இலக்கங்கள் மனப்பாடமாக இருந்தும் அழைக்க வழியில்லை. அப்போது கைகொடுத்தவர்கள் அயலவர்களே. பள்ளிவாசல்களும் விகாரைகளும் பாடசாலைகளும் வீடிழந்தவர்களுக்குக் கதவைத் திறந்தன. ஆகவே எங்கே ஒன்றுகூடுவது, நடக்க முடியாத பெரியவர்களை யார் தூக்கி வருவது என்பதை மழை வருமுன்பே பேசிவைக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.

சத்தமில்லாத ஆபத்து

தீயும் மண்சரிவும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வீட்டுக்குள், பஸ்ஸுக்குள், கைத்தொலைபேசிக்குள் வரும் ஆபத்து தெரிவதில்லை. சிறுவர் துன்புறுத்தலைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிக்க 1929ஐ அழைக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பொலிஸ் நிலையங்களில் சிறுவர், மகளிர் பணியகங்களும் உள்ளன. முறைப்பாடு செய்யப் போகும்போது உம்மாவையோ நம்பிக்கையான ஓர் ஆசிரியையையோ அழைத்துச் செல்லுங்கள். பெற்றோரே, பிள்ளை ஒன்றைச் சொல்ல வரும்போது “குடும்ப மானம்” என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அவள் உதவி கேட்டு வரும் முதல் இடம் நீங்கள்தான்.

இன்றிரவு ஒரு வேலை

இந்தக் கட்டுரையை வாசித்து முடித்ததும் ஒரு தாளை எடுங்கள். 119, 110, 1990, 117 ஆகிய நான்கு இலக்கங்களையும் எழுதுங்கள். அவற்றின் கீழே உங்கள் மாவட்டம், ஊர், வீதி, அடையாளம் என்று நான்கு வரிகளில் உங்கள் வீடு இருக்கும் இடத்தை எழுதுங்கள். வெளியூர்த் தோழி ஒருத்தியிடம் அதை வாசித்துக் காட்டி, “இதை வைத்துக்கொண்டு நீ என் வீட்டுக்கு வருவாயா?” என்று கேளுங்கள். அவள் தடுமாறினால் திருத்தி எழுதுங்கள்.

பின்னர் தாளைச் சமையலறைச் சுவரில், தம்பி தங்கைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். ஆபத்து வரும் நாளில் வீட்டில் பெரியவர்கள் இல்லாமல் போகலாம். பத்து வயதுத் தங்கை அந்த நான்கு வரிகளைப் பார்த்து வாசித்தால் போதும். மறுமுனையில் இருப்பவருக்கு எங்கே வர வேண்டும் என்பது தெரிந்துவிடும்.