எடிட்டரை உங்கள் கைக்கு ஏற்ப மாற்றுங்கள்!

ராயபுரம் பக்கத்துக் காசிமேட்டில் மத்திக்கு ஒரு வலை, வஞ்சிரத்துக்கு வேறு வலை. மீனுக்கு ஏற்றபடி கண்ணி அளவு மாறும். கம்ப்யூட்டரில் எழுதும் எடிட்டரும் அப்படித்தான். கொடுத்தது கொடுத்தபடி வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கி டைப் செய்வானேன்? டைப்பிங் வேலையில் குடும்பம் நடத்துபவர்களுக்குக் கண்ணும் மணிக்கட்டும்தானே மூலதனம்!

விஎஸ் கோடு, விம், ஈமாக்ஸ் மூன்றும் இலவசம். எழுத்து அளவு முதல் ஷார்ட்கட் வரை நம் விருப்பம்தான்.

எழுத்து: அளவைக் கூட்டுங்கள். தமிழ் எழுத்துகள் மேலும் கீழும் நீள்வதால், வரி இடைவெளியையும் சற்று அதிகமாக்குங்கள்.

வேர்டு ராப்: இதைப் போட்டுவிட்டால் நீண்ட வரி திரைக்குள்ளேயே மடங்கும்.

நிறம்: வெளிச்சமான அறைக்கு வெள்ளைப் பின்னணி, இருட்டில் கறுப்பு.

ஆட்டோ சேவ்: விஎஸ் கோடில் ஃபைல் மெனுவிலேயே இருக்கிறது. கரன்ட் போனாலும் உழைப்பு வீணாகாது.

கீபோர்டு: 1999-ல் தமிழக அரசு அறிவித்த தமிழ்99 முறையில் உயிர் 12, மெய் வரிசைக்கு 18, ஆய்தம் 1. மொத்தம் 31 கீகளில் 247 எழுத்துகளும் அடக்கம். அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா'. புள்ளி தானே விழும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் கை தடுமாறும். வாரத்துக்கு ஒன்று போதும். எல்லாம் பழகியதும், செட்டிங்ஸ் ஃபைலை பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். கம்ப்யூட்டர் மாறினாலும் உங்கள் வசதி மாறாது!