எட்டேகால் பஸ் வராத காலை

வேப்பமரத்தடியில் நிற்கும் மாணவியின் கையில் இலவச பஸ் பாஸ் இருக்கிறது; பஸ்தான் வரவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கிறாள். அங்கே போகும் புறநகர் பஸ் அந்த ஸ்டாப்பில் பெரும்பாலும் நிற்பதில்லை. நின்றாலும், தமிழ்நாட்டில் 2021 மே மாதம் வந்த மகளிர் கட்டணமில்லாப் பயணம் அதில் செல்லாது. அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு உரியது.

டிரிப் ஏன் 'கட்' ஆகிறது? ஓய்வுபெற்ற டிரைவர், கண்டக்டர் இடத்தில் ஆள் போடாவிட்டால் வண்டி டெப்போவிலேயே நிற்கும். பழுதானால் மாற்று வண்டி இருக்காது. முகூர்த்தம், திருவிழா என்றால் சிறப்புப் பேருந்துக்குக் கிராமத்து வண்டியை எடுத்துவிடுவதும் உண்டு. இன்னொரு காரணமும் சொல்வார்கள்: 'கலெக்‌ஷன் இல்லை.' இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. படிக்கட்டு வரை ஆள் தொங்கும் வண்டியிலும் கண்டக்டர் பையில் காசு சேராது. ஏறுகிறவர்களில் பாதிப்பேர் பாஸும் கட்டணமில்லா டிக்கெட்டும். அவர்களின் கட்டணத் தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. பையை வைத்துக் கூட்டத்தை அளக்கக் கூடாது.

அடிக்கடி முதல் பீரியட் போனால் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடும். பரீட்சை எழுதுவதே சிக்கலாகும். வீட்டில் "தினமும் இப்படி அலையணுமா?" என்று கேட்கத் தொடங்கினால், பெண்பிள்ளைகளின் படிப்பு அதோடு நின்றுவிடும் அபாயம் இருக்கிறது.

'எங்கள் ஊருக்கு பஸ் விடுங்கள்' என்று மட்டும் மனு எழுதாதீர்கள். தடம் எண், டெப்போ, வர வேண்டிய நேரம், இரண்டு வாரத்தில் வராத தேதிகள், ஏறும் மாணவர் எண்ணிக்கை எல்லாம் இருக்கட்டும். டெப்போ கிளை மேலாளரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அடுத்தது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம். அரசின் 1100 உதவி எண்ணிலும் புகார் பதியலாம். கிராம சபைத் தீர்மானமும் கல்லூரி முதல்வரின் கடிதமும் சேர்ந்தால் மனுவுக்குக் கனம் கூடும். சில ஊர்களுக்குப் புது பஸ்ஸே தேவைப்படாது, இருக்கிற வண்டி இருபது நிமிடம் முன்னால் கிளம்பினால் போதும்.

மாலை வண்டியையும் அதே மனுவில் கேளுங்கள். லேப் முடிந்து நாலரைக்கு வெளியே வருகிறவளுக்கு அடுத்த பஸ் ஆறேகாலுக்குத்தான் என்றால், அவள் ஊர் சேரும்போது இருட்டிவிடும்.