கடைக்காரருக்கும் ஒரு கோச் தேவையா?

கோச் என்றதும் நமக்குப் பாடசாலை மைதானத்தில் கிரிக்கெட் பழக்குபவர்தான் நினைவுக்கு வருவார். பெரிய கம்பனிகளின் பணிப்பாளர்கள் பணம் கொடுத்து வைத்துக்கொள்ளும் கோச் வேறு ரகம். அவர் வியாபாரம் சொல்லித் தருவதில்லை, மருந்தும் எழுதுவதில்லை. கேள்வி கேட்பார், குறுக்கிடாமல் செவிமடுப்பார். போன வாரம் செய்வதாகச் சொன்னதைச் செய்தீர்களா என்றும் விசாரிப்பார். இதற்கு ஒரு கட்டணமா என்று நம்மவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கும் முன் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம்.

இந்த முறையும் மைதானத்திலிருந்து வந்ததுதான். அமெரிக்க டெனிஸ் பயிற்றுநர் டிமோதி கால்வே, வீரனுக்கு வலைக்கு அப்பால் நிற்பவனைவிடத் தன் தலைக்குள் இருக்கும் சந்தேகமே பெரிய எதிரி என்று 1974 இல் ஒரு நூல் எழுதினார். முன்னாள் கார் பந்தய வீரரான இங்கிலாந்தின் ஜோன் விட்மோர் அதைத் தொழில் உலகுக்குக் கொண்டுவந்தார். 1992 இல் வெளியான அவரது நூல் பரப்பிய முறையில் கேள்விகள் நான்கே. உங்களுக்கு என்ன வேண்டும்? இப்போது நிலைமை என்ன? என்னென்ன வழிகள் உண்டு? எதை, எப்போது செய்வீர்கள்?

2022 ஐ நாம் மறக்கவில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அப்போது ஏறிய கடனை இன்றும் இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு புடைவை வியாபாரியை வைத்துக்கொள்வோம். இரவில் தூக்கமில்லை. கடைப் பையன்மார் மீது காரணமில்லாத கோபம். வீட்டில் பேச்சுக் குறைந்துவிட்டது.

என்ன வேண்டும் என்று கேட்டால் "கடன் தீர வேண்டும்" என்பார். கோச் அதோடு விடமாட்டார். "அடுத்த மூன்று மாதத்தில் எது நடந்தால் நிம்மதியாகத் தூங்குவீர்கள்?" என்பார். யோசித்துவிட்டு, "பெருநாளைக்கு முன் செக் திரும்பாமல் இருந்தால் போதும்" என்ற பதில் வரும். பெரிய பயம் இப்போது அளவுள்ள ஒரு வேலையாகிவிட்டது. அடுத்து, யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதச் சொல்வார். நம்மில் பலர் இதைச் செய்வதே இல்லை. பாதி கொப்பியில், பாதி மனதில். எழுதிப் பார்த்தால் பதினொரு பேரில் மூவர்தான் நெருக்குகிறார்கள் என்று தெரியலாம். பிறகு வழிகள். விற்காத சரக்கைத் திருப்பிக் கொடுக்கலாமா, வங்கியில் தவணையை மாற்றிக் கேட்கலாமா, இரண்டாவது கடையை மூடலாமா? வழி அவர் வாயிலிருந்தே வர வேண்டும். கடைசியில், வியாழனுக்குள் யாரைச் சந்திப்பீர்கள் என்பது. கடன் ஒரு சதமும் குறையவில்லைதான், ஆனால் கடிவாளம் கைக்கு வந்துவிட்டது. இதில்தான் மனதுக்கு ஆறுதல்.

இது வெறும் நம்பிக்கைப் பேச்சல்ல. அவுஸ்திரேலிய உளவியலாளர்கள் 10 வாரக் குழுக் கோச்சிங் ஒன்றை நடத்தி, அதற்காகக் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டு 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் மனநலமும் எதிர்பார்ப்பும் கூடியிருந்தன. சில பலன்கள் 30 வாரம் வரை நின்றன.

நண்பரிடம் சொன்னால் போதாதா என்பீர்கள். நமது தொழிலில் அங்கேதான் சிக்கல். நம் கடனெல்லாம் பெயரை நம்பித்தான் ஓடுகிறது. "அவர் ஆடிப்போயிருக்கிறார்" என்று பஜாரில் ஒரு வார்த்தை பரவினால் மறுநாள் சரக்கு நின்றுவிடும். ஆகவே வியாபாரி வாயை மூடிக்கொள்கிறார், உள்ளே வேகிறார். இரகசியம் காக்கக் கடமைப்பட்ட வெளியாள் ஒருவர் இதனால்தான் பெறுமதியானவர். கட்டணம் கட்டுபடியாகாவிட்டால், உங்களோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத, புத்திமதி சொல்லத் துடிக்காத ஒருவரிடம் இதே நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லலாம். புத்திமதி சொல்லாதவர் கிடைப்பதுதான் கஷ்டம்!

ஒரு எச்சரிக்கை. கோச் என்று பலகை போட அனுமதிப்பத்திரம் தேவையில்லை. எவரும் போடலாம். எங்கே பயின்றார், இரகசியம் பற்றி எழுத்தில் தருவாரா, எப்போது வைத்தியரிடம் அனுப்புவார் என்று முதலிலேயே கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தடுமாறுபவரிடம் போகாதீர்கள். ஏனெனில் கோச்சிங் நோய்க்கு மருந்தல்ல. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டுவிட்டன என்றால் அது வைத்தியரின் வேலை. அங்கொடை என்ற பெயரைக் கேட்டுக் கேலி செய்யும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதனாலேயே பலர் தாமதிக்கிறார்கள். உயிரை வெறுத்துப் பேசும் அளவுக்கு ஒருவர் வந்துவிட்டால் அடுத்த வாரம் வரை காத்திருக்கவே கூடாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம்.