திருப்பிப் போட்ட பாஷை!

ஐரிஷ் மொழியில் கதவுக்கு ‘டொரஸ்’ என்று பெயர். அங்கே உள்ள நாடோடிகளைக் கேட்டால் ‘ரொடஸ்’ என்பார்கள். முத்தம் ‘போக்’ என்றால், இவர்கள் வாயில் அது ‘கோப்’! வாத்தியாருக்குத் தெரியாமல் பையன்கள் பேசிக்கொள்கிற ரகசிய பாஷை மாதிரி இல்லை? விஷயமும் அதேதான். பண்ணைக்காரன் எதிரில் நின்றுகொண்டே அவனுக்குப் புரியாமல் பேரம் பேசலாமே! ‘கேமன்’ என்பது இந்த பாஷையின் பெயர். வீடு வாசல் என்று ஒரே இடத்தில் கிடக்கிற ஆசாமிகளுக்கு அதில் ‘பஃபர்’ என்று பட்டம். (நீங்களும் நானும் பஃபர்தான் சார்!)

‘டிராவலர்ஸ்’ எனப்படும் இவர்கள், 2022 கணக்கெடுப்பின்படி அயர்லாந்து குடியரசில் சுமார் 33 ஆயிரம் பேர். ஜிப்ஸிகள் என்று நினைத்துவிடாதீர்கள். 2017-ல் வெளியான மரபணு ஆராய்ச்சியில், பச்சை ஐரிஷ்காரர்கள் என்று தெரிந்துபோனது. சில நூறு வருஷங்களுக்கு முன்பே மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோனவர்கள், அவ்வளவுதான்.

குதிரை வண்டியில் கிராமம் கிராமமாகப் போய்த் தகர வாளி, குவளை செய்து தருவது, ஓட்டைப் பாத்திரத்தை அடைப்பது, உருளைக்கிழங்கு பறிப்பது, குதிரை வியாபாரம்... இதுதான் பிழைப்பு. வண்டியின் கூரை, பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்த மாதிரி இருக்கும். அதில் குடியிருந்தவர் இறந்துபோனால், வண்டியையே கொளுத்திவிடுவது பழைய வழக்கம்.

பிளாஸ்டிக் வாளி வந்தது, தகரக்காரன் பிழைப்பு போச்சு. டிராக்டர் வந்தது, குதிரைக்கு மவுசு போச்சு. 1963-ல் ஒரு அரசாங்கக் கமிஷன், இவர்களை ஊரோடு கரைத்துவிடுவதே தீர்வு என்றது. அனுமதியில்லாமல் அடுத்தவர் நிலத்தில் வண்டியை நிறுத்தினால் கிரிமினல் குற்றம் என்று 2002-ல் சட்டம் வந்தது. ஓடினாலும் தப்பு, நின்றாலும் தப்பு. அப்புறம் மனுஷன் என்னதான் பண்ணுவான்? டிராவலர் ஆண்களின் சராசரி ஆயுள் மற்ற ஆண்களைவிட 15 வருஷம் குறைவு என்று 2010-ல் ஒரு ஆய்வு சொன்னது. 15 வருஷம்!

கால்வே ஊர்ப் பையன் ஃபிரான்சி பாரெட்டின் கதையைக் கேளுங்கள். குத்துச்சண்டை வீரர். பயிற்சி தந்தவர் முடிவெட்டுகிறவர். பயிற்சிக்கூடம் ஒரு இரும்பு கன்டெய்னர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் அயர்லாந்து கொடியை ஏந்தி அணிக்கு முன்னால் நடந்தவர் இவர்தான். வயது 19. ஊர் திரும்பிய பிறகும், டிராவலர் என்பதால் பப் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். கொடி பிடிக்கலாமாம், பீர் குடிக்கக்கூடாதாம்!

2017 மார்ச் 1-ம் தேதி பிரதமர் என்டா கென்னி நாடாளுமன்றத்தில் எழுந்து, டிராவலர்கள் தனி இனக்குழு என்று அறிவித்தார். அதனால் பப் கதவுகளெல்லாம் மறுநாளே திறந்துவிடவில்லை. ஆனால் அக்டோபர் மாதம் பாலினஸ்லோ குதிரைச் சந்தையில் கதையே வேறு. டிராவலரும் பண்ணைக்காரரும் அங்கே மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி நின்று பேரம் பேசுவார்கள். படிந்துவிட்டால் உள்ளங்கையில் எச்சில் துப்பி, பளாரென்று கையில் கை அடிப்பார்கள்.