திகனவும் விலைச் சுட்டெண்ணும்

வாழ்க்கைச் செலவு ஏறிற்று என்று சொல்லாதார் இலங்கையில் இலர். எவ்வளவு ஏறிற்று என்னும் வினாவுக்கோ நெடுங்காலம் ஒரு கரையோர நகரமே விடை கூறி வந்தது. 1952ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், 1949-50இல் அந்நகரத் தொழிலாளர் குடும்பங்களின் செலவை ஆராய்ந்து அமைக்கப்பட்டது. அவர்கள் வாங்கிய பண்டங்களை ஒரு கூடையிலிட்டாற்போல் வகுத்து, அக்கூடையின் விலையை மாதந்தோறும் கணிப்பதே அதன் முறை. கூடையில் நூற்றுக்கு 61.9 பங்கு உணவாயிருந்தது. வீட்டு வாடகை 5.7 பங்கே. பல பத்தாண்டுகள் அப்பங்கீடு மாறவில்லை. மக்களின் உண்டியும் உடையும் எவ்வளவோ மாறின.

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெருவிலுள்ள திகனவில் இவ்வளவுகோலின் குறை தெளிவாகும். அங்கே கடல்மீன் பனிக்கட்டியிட்டு மலையேறி வரவேண்டும். எரிபொருள் விலை ஏறினால் மீன்விலை கரையில் ஒருமுறையும் வழியில் மறுமுறையும் ஏறும். ஆதலின் எளியார் வீட்டில் கருவாடே மீனாகிறது. மற்றொருபுறம், முற்றத்துப் பலா தரும் உணவுக்கு விலையே இல்லை. ஆனால் அது நிலமுடையார்க்கே வாய்க்கும். தோட்டத்து லயன் அறையில் வாழ்வோர்க்கு முற்றம் என்பதே சில அடிதான்.

விக்டோரியா நீர்த்தேக்கம் நிறைந்தபோது தெல்தெனியப் பழைய நகரும் தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் மூழ்கின. தன் வயல்நெல்லை உண்ட குடும்பம் கடையில் அரிசி வாங்கத் தொடங்கிற்று. அரிசி ஒரு சதமும் ஏறாதிருப்பினும் அக்குடும்பத்தின் செலவு ஏறியே தீரும். சுட்டெண் விலையை அளக்குமேயன்றி இவ்விழப்பை அளவாது.

நாடு முழுவதற்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் 2015இலேதான் வெளிவந்தது. 2013ஐ அடிப்படையாகக் கொண்ட கொழும்புக் கூடையில் உணவு ஏறத்தாழ 28 பங்காயிருந்தது. அதே அடிப்படையுடைய தேசியக் கூடையிலோ 44 பங்காயிருந்தது. நகரத்துக்கும் நாட்டுக்கும் உள்ள இடைவெளி இவ்விரண்டு எண்களிற் புலனாகும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2022 செப்ரெம்பரில், முந்திய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடத் தேசியச் சுட்டெண் நூற்றுக்கு 73.7 உயர்ந்தது, உணவு மட்டும் 85.8 உயர்ந்தது. ஆயிரம் ரூபாவுக்குக் கிடைத்த பொருள்களுக்கு 1,737 ரூபா வேண்டியதாயிற்று. வருவாயிற் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடுவோர்க்கு அதுவும் போதாது. மலைநாட்டுத் தேயிலைத் தொழிலாளரின் நாட்கூலியோ 2021இல் விதிக்கப்பட்ட அதே ஆயிரம் ரூபாவாகவே இருந்தது. அதுவும் வேலை கிடைத்த நாளுக்கு மட்டும்.

அடுத்த ஆண்டு பணவீக்கம் தணிந்தது என்ற செய்தி வந்தபோது, விலை இறங்கிற்றென்று மயங்கினாரும் உளர். இறங்கியது ஏற்றத்தின் வேகமே. ஏறிய விலை பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நின்றது. அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக உயர்ந்தது 2024இலாகும்.