பத்து வருடம் நிற்குமா இழுத்துத் தைத்த முகம்?

ஃபேஸ்லிஃப்ட் செய்துகொள்ள நினைப்பவர்கள் டாக்டரிடம் முதலில் இரண்டு விஷயம் கேட்பார்கள். எவ்வளவு ஆகும்? எத்தனை வருடம் தாங்கும்? முதல் கேள்விக்கு எஸ்டிமேட் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவதற்கு 'ஏழிலிருந்து பத்து வருடம்' என்று பதில் வரும். பொய்யில்லை. ஆனால் யாருடைய முகத்துக்கு என்பதை அந்தப் பதில் சொல்வதில்லை. ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவரின் முகமும், ஒரகடத்திலிருந்து எண்ணூர் துறைமுகத்துக்குக் கார் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுநரின் முகமும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. கத்தி வைத்த பிறகும் அப்படித்தான்.

ஐந்தரை வருடம் கழித்து

பிரிட்டனில் இரண்டு பிளாஸ்டிக் சர்ஜன்கள் இதைக் கொஞ்சம் ஒழுங்காக அளந்து பார்த்து 2012-ல் வெளியிட்டார்கள். அறுவை முடிந்து ஐந்தரை வருடம் ஆன நிலையில், 76 சதவீதம் பேர் அறுவைக்கு முந்தைய தங்கள் முகத்தைவிட இளமையாகவே தெரிந்தார்கள். 21 சதவீதம் பேருக்குப் பழைய தொய்வு முழுதாகத் திரும்பியிருந்தது. விளம்பரங்களில் முதல் எண் வரும். இரண்டாவது எண் வராது. ஐந்தில் ஒருவர் என்பது சின்ன விஷயமா என்பதைப் பணம் கட்டுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

'தாங்கும்' என்ற சொல்லை இங்கே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபேஸ்லிஃப்ட் வயதாவதை நிறுத்தாது. 55 வயதில் செய்துகொண்டவர் 47 மாதிரி தெரிந்தால், பத்து வருடம் கழித்து 65-ல் 57, 58 மாதிரி தெரியலாம். அறுவை செய்யாமல் இருந்திருந்தால் எப்படி இருப்பாரோ அதைவிட இளமைதான். ஆனால் தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு அந்த ஒப்பீடு கண்ணில் படாது. 'எல்லாம் கரைந்துபோச்சு' என்றுதான் தோன்றும். முதலில் தளர்வது பெரும்பாலும் கழுத்து. தாடையோரம் அதற்குப் பிறகு.

எந்த அடுக்கை இழுத்தார்கள்?

நூறு வருடத்துக்கு முன்பு தோலை மட்டும் இழுத்து, மிஞ்சியதை வெட்டித் தைத்தார்கள். தோல் ரப்பர் மாதிரி மறுபடி நீண்டுகொடுக்கும் என்பதால் சில மாதங்களிலேயே சாயம் வெளுத்தது. தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, முகத் தசைகளைப் பிணைத்துக்கொண்டு 'ஸ்மாஸ்' என்று ஒரு சவ்வு இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த மிட்ஸ், பெரோனி என்ற இருவர் 1976-ல் அதை விவரித்த பிறகு இந்த அறுவையின் போக்கே மாறியது. பாரத்தை அந்தச் சவ்வு தாங்க, தோல் இழுவிசையில்லாமல் மேலே படுத்துக்கொள்ளும். தழும்பும் மெலிசாக ஆறும். 1990-ல் அமெரிக்க சர்ஜன் சாம் ஹம்ரா விவரித்த 'டீப் பிளேன்' முறை இன்னும் ஆழத்துக்குப் போனது. நன்றாகச் செய்தால் பத்து வருடத்துக்கு மேலும் பலன் நிற்கலாம் என்கிறார்கள். ஆனால் முக நரம்புகளுக்கு அருகில் நடக்கிற வேலை இது. கைதேர்ந்தவர் செய்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடம்.

சின்னக் கீறலில் முடியும் மினி லிஃப்டுக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடம். கரையும் நூலைச் செருகித் தூக்கும் த்ரெட் லிஃப்டுக்கு ஒரு வருடம், மிஞ்சிப்போனால் இரண்டு. ஹயலூரானிக் ஃபில்லர் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம். போடாக்ஸ் மூன்று, நான்கு மாதம். 'மதிய இடைவேளையில் முடித்துக்கொண்டு போகலாம்' என்று சொல்லப்படுகிறவை எல்லாம் இந்தக் கடைசி வகைதான். திரும்பத் திரும்பப் போக வேண்டியிருப்பதால், பத்து வருடக் கணக்குப் போட்டால் செலவு அறுவையைத் தாண்டிவிடுவதும் உண்டு.

ஜன்னல் கண்ணாடி தடுக்காதது

அமெரிக்காவில் 28 வருடம் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அவருடைய வலது கன்னம் அந்த வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது. இடது கன்னம் தடித்து, ஆழமாகச் சுருங்கி, இருபது வயது கூடுதலான ஒருவருடையது போலத் தொங்குகிறது. அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம். ஜன்னல் பக்கம் இருந்தது அந்தக் கன்னம்தான்.

வெயிலின் புற ஊதாக் கதிர்களில் தோலைச் சுட்டெரிக்கும் யுவிபி கதிரைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். அதனால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எரிச்சல் தெரியாது. கொலாஜனை உடைக்கும் யுவிஏ கதிர் சாதாரணக் கண்ணாடி வழியே தாராளமாக உள்ளே வரும். முன்பக்க விண்ட்ஷீல்டு இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. அது யுவிஏ-வையும் அநேகமாக நிறுத்திவிடும். பக்கவாட்டு ஜன்னல் பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000-லிருந்து கண்ணாடி வார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடியையே தொழிலாகக் கொண்ட ஊரில் இந்த ஒரு விஷயம் மட்டும் பலருக்குத் தெரியாமலிருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

நம் ஊரில் ஸ்டீயரிங் வலது பக்கம், அதனால் அடி வாங்குவது வலது கன்னம். ஓட்டுநர்களில் பலர் கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். அப்போது யுவிபி-யும் சேர்ந்து தாக்கும். ஸ்டாஃப் பஸ்ஸில் தினமும் ஒரே சீட்டைப் பிடிப்பவர்களுக்கும் இதே கதைதான். அக்டோபரிலிருந்து மார்ச் வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். காலையில் பூந்தமல்லியிலிருந்து மேற்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வரும் பஸ்ஸில் வலது வரிசையிலும், மாலையில் திரும்பும்போது இடது வரிசையிலும் உட்கார்ந்தால் இரண்டு வேளையும் நிழல்.

வெயில் மட்டுமல்ல. ஆர்க் வெல்டிங் பொறியிலிருந்து வருவதும் புற ஊதாக் கதிர்தான். பெரிய கார் ஆலைகளில் ரோபோ வெல்டிங் செய்கிறது. சாலையோரப் பட்டறைகளிலும் கட்டுமான ஷெட்டுகளிலும் முழு முகக் கவசத்தை ஓரமாக வைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடி மட்டும் போட்டுக்கொண்டு 'ஒரு டேக் தானே' என்று பற்றவைக்கிறார்கள். கண் தப்பும், கன்னம் தப்பாது.

நம் தோலில் மெலனின் அதிகம் என்பதால் வெள்ளைத் தோலைவிடச் சுருக்கம் தாமதமாகத்தான் வரும். வெயில் நமக்கு முதலில் தருவது மங்கு, திட்டுத் திட்டான கறுப்பு. அதை ஃபேஸ்லிஃப்ட் தொடவே தொடாது. தூக்கிக் கட்டிய கன்னத்தில் மங்கு அப்படியே இருந்தால், செலவழித்தவருக்கு மனசு ஆறாது. சன்ஸ்கிரீன் விளம்பரச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் நாலரை வருடம் தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோலில், இஷ்டப்பட்டபோது பூசியவர்களைவிட வயதாகும் அடையாளம் 24 சதவீதம் குறைவு என்று 2013-ல் வெளியான ஆய்வு சொன்னது. அங்கே சோதித்தது பெரும்பாலும் வெள்ளைத் தோல். நமக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்கிரீன் பொருத்தம். எஸ்பிஎஃப் 30 போதும். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஒரு முறை, சாப்பாட்டு இடைவேளையில் ஒரு முறை.

புகையும் எடையும்

நிகோடின் தோலுக்குப் போகும் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஃபேஸ்லிஃப்டில் காதுக்கு முன்னும் பின்னும் தோலைக் கீழிருந்து பிரித்தெடுப்பதால், அந்தத் தோல் மிச்சமிருக்கும் கொஞ்ச ரத்த ஓட்டத்தில்தான் பிழைக்க வேண்டும். புகைப்பவர்களுக்குத் தோல் அழுகிக் கறுக்கும் ஆபத்து பன்னிரண்டு மடங்கு அதிகம் என்று 1984-லேயே கணக்கிட்டார்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு வாரமாவது நிறுத்தச் சொல்வார்கள். சிகரெட், பீடி மட்டுமில்லை. வாயில் ஒதுக்கும் புகையிலை, நிகோடின் சூயிங்கம் எல்லாம் சேர்த்தி. நைட் ஷிஃப்டில் தூக்கத்தை விரட்ட டீக்கடையில் ஒன்று பற்றவைப்பவர் அந்தப் பழக்கத்தை விடாமல் இந்த அறுவைக்குப் போகக் கூடாது. பொய் சொல்லிவிட்டுப் போவது அதைவிட மோசம்.

எடை விஷயத்தில் வரிசை முக்கியம். இளைக்க வேண்டுமென்றால் இளைத்துவிட்டு, ஆறு மாதமாவது எடை ஒரே நிலையில் நின்ற பிறகு அறுவைக்குப் போக வேண்டும். அறுவைக்குப் பிறகு பதினைந்து கிலோ குறைந்தால் கன்னக் கொழுப்பும் வற்றி, இழுத்துத் தைத்தது தொளதொளத்துவிடும். எடையைக் குறைக்கும் மவுஞ்சாரோ, வீகோவி ஊசிகள் 2025-ல் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து இது இன்னும் பொருத்தமான எச்சரிக்கை. பெண்களுக்கு இன்னொன்று: மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜன் 30 சதவீதம் வரை குறைகிறது. அந்தச் சரிவுக்கு முன் செய்துகொண்டவருக்கும் பின் செய்துகொண்டவருக்கும் ஒரே ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

கடைவாய்ப் பற்கள் விழுந்து, கட்டாமல் விட்டிருந்தால் கன்னம் உள்வாங்கும், தாடை எலும்பும் தேயும். இதற்குப் போக வேண்டியது முதலில் பல் டாக்டரிடம். பலர் தலைகீழாகப் போகிறார்கள்.

தூக்கக் குறைவால் வரும் வாட்டத்தையும் தொய்வு என்று எண்ணிவிடக் கூடாது. தொடர்ந்து நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தவரின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், ஒரு வாரம் லீவு போட்டுத் தூங்கிய பிறகு பார்ப்பது நல்லது.

காது, தோடு, மொட்டை

கீறல் நெற்றிப்பொட்டு முடிக்குள் ஆரம்பித்து, காதுக்கு முன்னால் இறங்கி, காது மடலைச் சுற்றி, பின்பக்க முடிக்குள் போய் முடியும். மேல்நாட்டுப் புத்தகங்களில் இல்லாத சில சங்கதிகள் நமக்கு இங்கேதான் வருகின்றன.

காது குத்திய இடத்தில் உருண்டையாகச் சதை வளர்ந்திருக்கிறதா? தோளில் பிசிஜி தழும்பு தடித்துப் புடைத்திருக்கிறதா? இருந்தால் கெலாய்டு வளரும் உடம்பு. காதுக்குப் பின்னால் தழும்பு தடிக்க வாய்ப்பு அதிகம். கேட்காவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

தோலை இறுக்கித் தைத்துவிட்டால் நாளடைவில் காது மடல் கீழ்நோக்கி இழுபட்டு, கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது போலாகிவிடும். அதில் கனமான ஜிமிக்கியும் தொங்கினால் கேட்கவே வேண்டாம். கல்யாண வீட்டுக்காகச் செய்துகொள்பவர்கள் தையல் நன்றாக உறுதியாகும் வரை, குறைந்தது சில மாதம், கனத்த தோடுகளைப் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். அதாவது மகன் கல்யாணத்துக்கு மூன்று வாரத்துக்கு முன் செய்துகொண்டு மண்டபத்தில் நிற்கலாம் என்ற திட்டம் சரிவராது. வீக்கமும் கன்றலும் வடியவே இரண்டு, மூன்று வாரம் ஆகும். மரத்துப்போன கன்னத்தில் உணர்ச்சி திரும்ப மாதங்கள் ஆகும்.

திருத்தணிக்கோ திருப்பதிக்கோ மொட்டை வேண்டுதல் பாக்கி இருக்கிறதா? முடித்துவிட்டு, முடி வளர்ந்த பிறகு வாருங்கள். முடிக்குள் ஒளித்த தழும்பு மொட்டைத் தலையில் பளிச்சென்று தெரியும், ஆறாத தையல்மேல் சவரக்கத்தி படவும் கூடாது. ஆண்களுக்கு இன்னொரு சிக்கல்: கன்னத் தோல் பின்னால் நகரும்போது தாடி முளைக்கும் இடமும் காதருகே நகர்ந்துவிடும். முன்பு தொடாத இடத்தில் ஷேவ் செய்ய வேண்டிவரும்.

யாரிடம், யார் பணத்தில்

எம்.எஸ். முடித்து, அதற்கு மேல் எம்சிஎச் பிளாஸ்டிக் சர்ஜரியோ அதற்கு இணையான டிஎன்பி-யோ படித்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. தான் செய்தவர்களின் ஐந்து வருடம் கழித்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாம் மாதப் படத்தில் எல்லா ஃபேஸ்லிஃப்டும் அழகாகத்தான் இருக்கும்.

அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மெடிக்ளெய்ம் பாலிசி பணம் தராது. விதிவிலக்குப் பட்டியலிலேயே இருக்கும். ஆலை விபத்தில் முகம் கிழிந்தாலோ, தீக்காயமோ புற்றுநோய் அறுவையோ முகத்தைச் சிதைத்தாலோ செய்யும் சீரமைப்பு வேறு கணக்கு. அதற்குக் காப்பீட்டில் இடமுண்டு. ஆகவே ஃபேஸ்லிஃப்ட் கைக்காசு. இஎம்ஐ போட்டுச் செய்துகொள்ளச் சொல்லிப் போன் வந்தால், கடன் முடியும் முன்பே கரைந்துவிடும் சிகிச்சைகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிபி, சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் தேதி குறிக்க வேண்டாம்.

முதல் இரண்டு இரவு

இந்த அறுவையில் அதிகம் வரும் சிக்கல், தோலுக்கு அடியில் ரத்தம் தேங்குவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் ஆண்களுக்கும் வாய்ப்புக் கூடுதல். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதயத்துக்காகச் சாப்பிடுபவர் தானாக நிறுத்தக் கூடாது. ஒரு பக்கக் கன்னம் மட்டும் திடீரென்று இறுகி வீங்கி, வலி கூடிக்கொண்டே போனால் அது சாதாரண வீக்கம் இல்லை. விடியட்டும் என்று காத்திருந்தால் மேலே உள்ள தோல் செத்துப்போகலாம். சென்னையில் அறுவை முடித்துவிட்டு அன்று மாலையே ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று வீடு திரும்பிவிட்டால், இரவு பதினொரு மணிக்கு வீக்கம் கண்டுபிடித்து, வண்டி பிடித்து, லாரி வரிசையில் நின்று போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது அந்த ஊர்ச் சாலைகளில் போகிறவர்களுக்குத் தெரியும். முதல் இரண்டு இரவு மருத்துவமனையிலோ அதற்குப் பக்கத்திலோ தங்குங்கள். கூட ஒருவர் விழித்திருந்து, தலையை உயர்த்திப் படுக்கவைத்து, இரண்டு மணிக்கொரு தரம் இரண்டு கன்னத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.