தோட்டாவின் சூட்சுமம்

இன்று கண்ணாடி மாளிகைகளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் நெருக்கியடித்து நிற்கிற பெங்களூர் வைட்ஃபீல்ட், 1882-இல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பயிரிட்டுப் பிழைப்பதற்கென்று அளித்த நிலத்தில் தோன்றிய குடியிருப்பு. அந்நாளில் பெங்களூரைச் சுற்றியிருந்த ஏரிகளில் உள்ளானும் வாத்தும் சுடுவது துரைமாருக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் விடுமுறை வினோதம். 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் படிப்படியாக முடக்கியபிறகு, சுடுவதில் ருசி கண்டவர்களுக்கு மிஞ்சியது காகித இலக்கு ஒன்றே. அதில் எனக்கு வருத்தமில்லை. பறவை தன் மேல் பட்ட குண்டுக்கு மார்க் போடுவதில்லை, காகிதமோ மில்லிமீட்டர் கணக்கில் போட்டுவிடுகிறது.

இவ்வினோதத்தில் புதிதாகப் பிரவேசிக்கிற இளைஞர்கள் முதலில் கேட்பதெல்லாம் எந்தக் கைத்துப்பாக்கி உசத்தி என்பதே. ரிவால்வரா, பிஸ்டலா, உள்நாட்டுச் சரக்கா, ஜெர்மானியச் சரக்கா என்று மணிக்கணக்கில் வாதிடுகிற இவர்களில், அதற்குள் போடுகிற தோட்டாவைக் கையிலெடுத்து உருட்டிப் பார்ப்பவர் அரிது. என் அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. துப்பாக்கி என்பது ஒரு குழலும், தட்டுவதற்கு ஒரு குதிரையும், அதை விடுவிக்க ஒரு விசையுமே. யந்திரம் என்ற பெயருக்கு மெய்யாக உரியது தோட்டாதான்.

அதன் வரலாறும் வாத்து வேட்டையிலிருந்தே தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியார், சிக்கிமுக்கிக் கல் தெறித்து வெளியே வெடிமருந்து பற்றுகிற பளிச்சென்ற ஒளியைக் கண்டு, குண்டு வந்து சேருமுன்பே பறவைகள் எழுந்துவிடுவதைக் கவனித்து, அடிபட்ட மாத்திரத்தில் வெடிக்கும் இரசாயனத்தைக்கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறையை 1807-இல் காப்புரிமை செய்துகொண்டார். அந்த இரசாயனத்தைச் செம்புக் கிண்ணியில் அடைத்தபோது 'கேப்' பிறந்தது. கேப், மருந்து, ஈயக்குண்டு மூன்றையும் ஒரே பித்தளைக் கூட்டில் அடக்கியபோது இன்றைய தோட்டா உருவாயிற்று.

இந்நான்கில் எனக்கு மிகவும் ஆச்சரியமளிப்பது பித்தளைக் கூடுதான். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த இவ்வுலோகம், மருந்து எரிந்து அழுத்தம் எழும்பிய கணத்தில் விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் சூடான வாயு பின்னோக்கிச் சுடுபவர் முகத்தில் பாயாமல் குண்டையே முன்னோக்கித் தள்ளுகிறது. அழுத்தம் தணிந்ததும் அதே கூடு சற்றே சுருங்கிச் சுவரைவிட்டு விலகிக்கொள்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கோல் விட்டுக் குத்தித்தான் வெளியே எடுக்கவேண்டும். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதிக்குள் நடந்து முடிகிறது. சுட்ட கூட்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்: வாயருகே புகைக்கறை படிந்திருக்கும், அடியிலே கேப்பின் நடுவில் குதிரை முனை பதித்த சிறு குழி தெரியும். குழி மையத்திலிருந்து விலகியிருந்தால், ரிவால்வரின் உருளை குழலுக்கு நேராக வந்து நிற்கவில்லை என்று அந்தக் கூடே சாட்சி சொல்லிவிடும்.

மருந்து வெடிப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அது அதிவேகமாக எரிகிறது, அவ்வளவே. பழைய கரிமருந்து ஏராளமான புகையையும் கசடையும் விட்டுச் சென்றது. பிரான்சில் பால் வியே 1884-இல் புகையில்லா மருந்தைக் கண்டார். 1889-இல் ஆங்கிலேயர் நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் வாசலினோடு பிசைந்து நூலாக இழுத்த கார்டைட்டைச் செய்தார்கள். நம் நீலகிரியில் அருவங்காடு என்ற ஊர் பெயர் பெற்றதே அந்தக் கார்டைட் தொழிற்சாலையால்தான். கைத்துப்பாக்கியின் குழல் குட்டையானதால், குண்டு வெளியேறுமுன் எரிந்து தீரக்கூடிய விரைவு மருந்து அதற்கு வேண்டும்; நீண்ட ரைபிளுக்கு நிதானமாக எரியும் மருந்தே பொருந்தும். விரைவு மருந்தை ரைபிள் மருந்தின் அளவுக்கு ரைபிளில் போட்டால் இரும்பே கிழிந்துபோகும்.

நம் நாட்டில் முப்பத்திரண்டு போர் (குழல் விட்டத்தின் அளவு) ரிவால்வர் இவ்வளவு பிரபலமானதற்கு அதன் குணவிசேஷத்தைவிடச் சட்டமே காரணம். ராணுவமும் போலீசும் உபயோகித்த முப்பத்தெட்டு, ஒன்பது மில்லிமீட்டர் முதலிய அளவுகள் சாதாரண மனிதருக்குத் தடை செய்யப்பட்டவை. எனவே கான்பூரிலுள்ள அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை, பழைய வெப்லி நான்காம் மாதிரியைத் தழுவி, ஆறு அறைகொண்ட முப்பத்திரண்டை வார்த்தெடுத்தது. அதற்குரிய தோட்டா 1896-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி அறிமுகப்படுத்தியது. இவ்வகை ரிவால்வரை மேற்புறம் மடித்துத் திறந்தால், நட்சத்திர வடிவான தகடொன்று எழும்பி ஆறு கூடுகளையும் ஒருசேர உயர்த்தித் தருகிற அழகு, கூட்டைத் தரையெங்கும் விசிறியடிக்கிற தானியங்கிப் பிஸ்டலுக்கு ஏது? 2014-இல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ஐந்நூறு கிராம் டைட்டானியக் கலவை ரிவால்வரை ஒரு லட்சத்துச் சொச்ச ரூபாய்க்கு வெளியிட்டார்கள். கைப்பைக்கு இலேசுதான், ஆனால் இலேசான துப்பாக்கி கையை அதிகமாக உதைக்கும் என்பது பௌதிக விதி, விளம்பரத்துக்காக அது வளைந்துகொடுப்பதில்லை.

இதே முப்பத்திரண்டு தோட்டாவுக்குப் போட்டிக் களத்தில் இன்னொரு வாழ்வு உண்டு. குண்டின் மூக்கைத் தட்டையாக்கி, கூட்டின் வாய்மட்டத்தோடு உள்ளடக்கிவிடுவார்கள். கூர்மூக்குக் குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். தட்டைமூக்கு, வட்டமாகச் சுத்தமாக வெட்டியெடுக்கும். துளையின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே மேல்மார்க் கிடைக்கிற விளையாட்டில் அந்தச் சுத்தம் வெற்றி தோல்வியையே நிர்ணயிக்கும். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் என்ற இந்தப் பிரிவில்தான் ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். 2006-இல் தோஹாவில் 590 புள்ளிகள் எடுத்து உலகசாதனையைச் சமன்செய்தார்.

சுட்ட கூட்டில் மறுபடியும் கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு நிரப்புகிற கலை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கொட்டகைத் தொழில். பணம் மிச்சமாகிறது என்று அவர்கள் சொல்லிக்கொண்டாலும், அதன் மெய்யான லாபம், ஒவ்வொரு தோட்டாவும் மற்றதன் அச்சாக அமைவதிலேதான் இருக்கிறது. பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் செய்த கேப்புக்குக் கூட்டின் நடுவே ஒரே துவாரம், பழையதை எளிதாகத் தள்ளிவிடலாம். பெர்டன் என்ற அமெரிக்கர் செய்ததற்கு இரண்டு துவாரம், தள்ளுவது கஷ்டம். விதியின் விளையாட்டு, ஆங்கிலேயர் முறை அமெரிக்காவிலும் அமெரிக்கர் முறை ஐரோப்பாவிலும் குடிபுகுந்தன. அதனால்தான் இத்தொழில் அமெரிக்காவில் செழித்து ஐரோப்பாவில் சோர்ந்தது என்பது என் ஊகம். நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம். அது நல்லதென்றே நினைக்கிறேன். அளக்கிற கவனம் ஒரு கணம் சிதறி, ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுந்துவிட்டால், விளைவு துப்பாக்கியோடு நிற்பதில்லை.

ஆகவே இங்குள்ள ஆர்வலர் 0.177 அங்குலக் காற்றுப் பிஸ்டலில் தொடங்குகிறார். இருபது ஜூலுக்கு மேற்படாத அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. பத்து மீட்டரில் அதன் பத்துப்புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர், நம் சுண்டுவிரல் நகத்தளவே. பிறகு லைசென்ஸும் சங்க அங்கத்துவமும் கிடைத்து இருபத்திரண்டு போருக்கு ஏறினால், அதன் வெடிரசம் விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருப்பதால் மறுபடி நிரப்புகிற ஆசைக்கே இடமில்லை. தேர்ந்தவர்கள் செய்வது வேறு. பல லாட் (தயாரிப்புத் தொகுதி) நம்பர்களில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, பிஸ்டலைப் பிடிகருவியில் இறுக்கி, ஒரே புள்ளியை நோக்கிப் பத்துப் பத்தாகச் சுட்டு, எந்த லாட்டின் துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றனவோ அந்த நம்பரை மட்டும் மொத்தமாக வாங்கிச் சேமித்துக்கொள்கிறார்கள். ஈலி, லபுவா போன்ற கம்பெனிகள் இச்சோதனைக்கென்றே கூடங்கள் வைத்திருக்கின்றன. ஒரே தொழிற்சாலை, ஒரே பெயர், ஒரே விலை. ஆனாலும் ஒரு லாட் ஒருவருடைய குழலுக்கு உவப்பாகவும் மற்றவருடையதற்குக் கசப்பாகவும் இருக்கும்.